ஒன்பதுக்கு ஆறு

இரண்டு சென்டிமீட்டர்.
ஊசி கிள்ளி எடுத்து வந்த ஈரல்
ஃபார்மலினில் ஒரு நூல்துண்டு போலக் கிடக்கிறது.
அதை மெழுகில் புதைத்து
முடியைவிட மெல்லிசாகச் சீவி
கண்ணாடியில் ஏற்றிச் சாயம் விடுவது என் வேலை.
மலாத்யாவில், இரவுப் பணியில்,
பத்தொன்பது வருடமாக.

இன்று பதினோராம் நாள்.
முந்தாநாள் எழுபதாக இருந்த ஏ.எல்.டி.
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு.
எண்கள் கத்தும்; காரணம் சொல்லாது.
அதற்குத்தான் என்னிடம் அனுப்புகிறார்கள்.

சி.டி. எட்டு என்றொரு முத்திரை.
அதைச் சட்டைமேல் குத்திக்கொண்டு திரியும் அணுக்களை
என் சாயம் பழுப்பாக்கிக் காட்டிக்கொடுக்கும்.
நன்றாக இறங்கிய தேநீரை
இங்கே முயல் ரத்தம் என்போம்.
கிட்டத்தட்ட அந்த நிறம்.
இன்று கண்ணாடி முழுக்க முயல் ரத்தம்.
வாயிற்சிரையைச் சுற்றி மொய்த்து,
பித்தக்குழாயின் சுவரில் பல் பதித்து,
சிரையின் உள்தோலை லேசாகத் தூக்கிப் பார்த்து.

மூன்று இடம். இடத்துக்கு மூன்று மதிப்பெண்.
போடுவது டாக்டர்; ஆனாலும்
எனக்குள் முன்கூட்டியே போட்டுப் பார்ப்பேன்.
மூன்று, இரண்டு, ஒன்று.
ஒன்பதுக்கு ஆறு.
பள்ளிக்கூடத்தில் என்றால் பாஸ்.

கதவு தட்டும் சத்தம்.
வயிற்றைத் தலையணையால் அணைத்துக்கொண்டு
ஆஸ்பத்திரிச் செருப்பில் தஹ்சின்.
வலப்பக்க ஈரலைத் தந்தவர்.
வாங்கியவர் ஃபெரிதுன்,
தங்கை மெலாஹத்தின் புருஷன்.
ஒரு ஆப்ரிகாட் தோட்டம், ஒரு வாய்க்கால் மடை,
எட்டு வருடமாய் முகம் பாராத இருவர்.
அதற்கு முன் ஒருவரையொருவர்
"என் ஈரலே" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்களாம்.
உயிருக்கு உயிரானவர்களை
எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"தங்கச்சி அழுதாள், அதனால் கொடுத்தேன்.
மனசார இல்லை.
அது இதில் தெரிகிறதா?"

எத்தனையோ சாயக்குப்பிகள் என் அலமாரியில்.
மனத்தாங்கலுக்கு ஒன்றும் கிடையாது.
சிறுநீரகத்துக்குப் பொருத்தம் பார்ப்பார்கள்
பெண் பார்ப்பதுபோல.
ஈரல் அப்படியில்லை.
ரத்தவகை ஒத்துப்போனால் போதும்,
போன இடத்தில் பாயை விரித்துவிடும்.
இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.
நான் சொன்னது வேறு:
"உங்கள் ஈரல் ஒன்றும் செய்யவில்லை.
அடிப்பது அவருடைய அணுக்கள்."

சொல்லியிருக்கக் கூடாது.
முடிவைச் சொல்வது என் வேலையே இல்லை.

தஹ்சினின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.
"பார்த்தீர்களா! இப்போதும்
முதலில் கை நீட்டியது அவன்தான்!"
சிரித்தார். தையல் இழுத்தது.
சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
நாற்காலி போட்டேன்.
கண்ணீரில் எவ்வளவு வலி, எவ்வளவு மற்றது
என்று கேட்கவில்லை.

மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள்.
டாக்ரோலிமஸைக் கூட்டினார்கள்.
தூர தேசத்து மண்ணிலிருந்து
கண்டெடுத்த மருந்து அது.
மண்ணுக்கு அடித்துக்கொண்டவர்கள் நடுவே
மண்ணே வந்து நிற்கட்டும்.

முந்நூறு. நூற்றெண்பது. தொண்ணூற்றாறு.

இரண்டாவது நூல்துண்டு வந்தது.
ஒன்பதுக்கு இரண்டு.
நிராகரிப்பு இல்லை என்று எழுதினார் டாக்டர்.
பித்தக்குழாய் ஓரம் மட்டும்
நாலைந்து பழுப்பு
குத்தவைத்து உட்கார்ந்திருக்கின்றன.
சண்டைக்கா, காவலுக்கா,
இந்தச் சாயத்துக்குத் தெரியாது.
அதைக் கேட்க வேறு முத்திரை வேண்டும்.
கையிருப்பில் இல்லை.

இலையுதிர்காலத்தில் ஆய்வகத்துக்கு ஒரு பொட்டலம்.
கந்தகப் புகை போடாமல்
வெயிலில் காய்ந்து கறுத்த ஆப்ரிகாட்.
உள்ளே சீட்டு:
"ஃபெரிதுன் பரிசோதனைக்கு வந்தால்
கண்ணில் காட்டாதீர்கள்.
மருந்தால் அவனுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது."

ஆய்வகத்தில் தின்னக் கூடாது.
படிக்கட்டில் உட்கார்ந்து
மூன்று தின்றேன்.